ஆட்டம் தோற்றால் தலைமுழுக்கு

வாசலில் விளக்கேற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர்களைப் பார்த்தேன்.

தெருமுனையிலிருந்து ஏழெட்டு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஈர வேட்டி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, யாரும் யாரோடும் பேசாமல் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் என் வீட்டுக்காரர்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம் இருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் ஏதோ ஒரு ஆனி மாதம். தென்காசித் தெருவில் எது யார் வீடு என்றுகூட எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது சுரண்டையில் பிறந்த எனக்கும் தெரியும். கையில் பழப்பை இருக்கும். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருக்கும். "இன்னைக்கு என்னா தண்ணி, என்னா தண்ணி" என்று தெருவையே எழுப்பிக்கொண்டு வருவார்கள். இப்படித் தரையைப் பார்த்துக்கொண்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள், சுடுகாடு வரை போய் ஆற்றில் முழுகிவிட்டு வருகிறவர்கள்தான்.

காலையில் அவர்களோடு என் மாமனாரும் குற்றாலத்துக்குப் போயிருந்தார். வரிசையில் அவரைக் காணவில்லை.

அருவியில் கால் வழுக்கியவர்களைப் பற்றி வருஷா வருஷம் கேள்விப்படுவதுதான். "ஐயோ மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பிச்சம்மாள் ஆச்சி ஓடி வந்தார்.

"ஏட்டி கோமதி, என்னட்டி?"

"மாமா... அருவியில..." என்றேன். ஆச்சிக்கு அதுவே போதுமாக இருந்தது. கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நேத்துகூட எங்கிட்ட வெத்தலை கேட்டு வாங்கிப் போட்டியளே அண்ணாச்சி!" என்று ஆரம்பித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த என் மாமியார், ஈரத்தில் நின்ற மகனைப் பார்த்தார்; அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்; அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம், இனி அப்படியே எழுதுகிறேன்.

இந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். தாங்கள் தோற்ற செய்தி தங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது, தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆட்டத்துக்காக அழுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"அழாதிய. எல்லாரும் கண்ணைத் தொடைங்க. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார்.

"அடுத்த வருசம் எங்கலே பாக்கது!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். வழியில் வெற்றிலை வாங்க நின்றுவிட்டாராம். வாசலில் கூட்டத்தையும் அழுகையையும் பார்த்தவர், வெற்றிலையைத் துப்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அத்தை தரையில் உட்கார்ந்திருந்ததால் கூட்டத்துக்கு நடுவே மாமாவின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. "அடிப் பாவி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று மாமாவும் அழ ஆரம்பித்தார்.

அத்தை எழுந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிச்சம்மாள் ஆச்சிதான் மெல்ல கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கேட்டார்.

"அப்பம் செத்தது யாரு?"

"யாரும் சாகலை ஆச்சி. ஃபைனல் தோத்துட்டோம்" என்றார் வரிசையில் கடைசியாக நின்ற மைதீன் அண்ணாச்சி.

"ஃபைனல்னா என்ன?" என்று நான் கேட்டேன்.

அடியில்லாத கூடை

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். "மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே" என்று ஒரு வாசகி குறைபட்டிருந்தார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் மாப்பிள்ளையைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது.

பெண் பார்க்க வந்தபோது என் அப்பா பழக்கவழக்கம் எப்படி என்று விசாரித்தார். "பொடி கெடையாது, பீடி கெடையாது. சாயங்காலமானா பந்தாட்டம் பாக்கப் போவான். அம்புட்டுத்தான்" என்றார் மாமா. அப்பாவுக்குப் பரம திருப்தி. இதற்குப் பீடியே மேல் என்று பிற்காலத்தில் நான் நினைத்த நாட்கள் உண்டு.

கல்யாணமான புதிதில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என்னை ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனார். உயரமான கம்பத்தில் ஒரு பலகை, பலகையில் ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து தொங்கும் கிழிந்த வலை.

"இதுதான் கூடை. பந்தை இதுல போடணும்" என்றார்.

"கூடைக்கு அடி இல்லியே. போட்டா கீழ விழுந்துருமே?"

"விழணும்."

"விழுறதுக்கு எதுக்குப் போடணும்?"

வீடு வந்து சேரும் வரை விளக்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த மனிதருக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் ஆட்டக்காரர் இல்லை. உயரம் போதாது. கோயிலுக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை; பகலெல்லாம் அங்கே இருப்பார். சாயங்காலம் எங்கள் ஊர்ச் சிற்றாறு அணியின் ரசிகர். ரசிகர் என்றால் கைதட்டுவதோடு போவதில்லை. குற்றாலத்து மைதானம் செம்மண் தரை. சீசனில் சாரல் விழுந்தால் சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும். செங்கோட்டை மர அறுவை மில்லிலிருந்து மரத்தூள் மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்து தரையில் தூவுவது என் வீட்டுக்காரர் வேலை. பந்து நனைந்து கனத்துப் போனால் துடைத்துக் கொடுப்பது மைதீன் அண்ணாச்சி வேலை. அவர் தறி வீட்டுக்காரர். பந்து துடைப்பதற்கென்றே தன் தறியில் தனியாகத் துண்டு நெய்து வைத்திருந்தார்.

அந்த அணிக்குச் செல்லையா என்று ஒரு நெட்டையன் இருந்தான். எந்தக் கடைக்குள் போனாலும் குனிந்துதான் போக வேண்டும். அவன் குனிந்து உள்ளே வந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவ்வளவு பிரியம் ஊருக்கு.

வருஷா வருஷம் சாரல் காலத்தில் வெளியூர் அணிகள் குற்றாலத்துக்கு வரும். ஒரு ஆட்டம் தோற்றால் வெளியேற வேண்டியதுதான். எங்கள் அணி கடைசி ஆட்டம் வரை ஜோராக வரும். கடைசி ஆட்டத்தில் தோற்கும். நான் வருவதற்கு முன்பும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

தோற்ற அன்றைக்கு ரசிகர்கள் எல்லோரும் நேரே பேரருவிக்குப் போய்த் தலைமுழுகுவார்கள். தலை துவட்டக் கூடாது. சைக்கிளில் ஏறக் கூடாது. வீட்டு வாசலை மிதிக்கும் வரை பேசக் கூடாது. இதை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உடம்பெல்லாம் மரத்தூளும் செம்மண்ணுமாக ஊருக்குள் வர முடியாமல் குளித்ததுதான் முதல் தடவை என்பார் மைதீன் அண்ணாச்சி. தோல்வியை மலையிலேயே விட்டுவிட்டு வருவதற்கு என்பார் என் வீட்டுக்காரர். சூடு தணிய நான்தான் குளிக்கச் சொன்னேன் என்பார் மாமா.

இந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு தெருவையே நான் அழவைத்திருக்க மாட்டேன்.

ஆஞ்சநேயரைக் குறை சொல்ல முடியுமா?

மறுநாள் அவர் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் பெயருக்குத்தான் கையை நனைத்தார். கடையில் ஒரே பித்தளைக் குடத்தைக் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று மாமா வந்து சொன்னார். இவ்வளவுக்கும் மாமாவும் அரைச் சாப்பாடுதான்.

கடைசியில் வீட்டுக்கு வந்த மைதீன் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, அப்படி என்னதான் நடந்துச்சு?"

"கொரங்கு, மதினி" என்றார்.

அவர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு அணியும் சமம். பந்து செல்லையா கையில். எதிரே ஆளே இல்லை. கூடைக்குக் கீழே போய்க் கையை உயர்த்திவிட்டான். அப்போது பார்த்து, மரத்திலிருந்து தாவிய ஒரு குரங்கு பலகை மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து செல்லையாவைப் பார்த்தது.

"செல்லையா சனிக்கெழமை தவறாம ஆஞ்சநேயருக்கு வடைமாலை போடுதவன்லா மதினி. எறிஞ்சா பந்து அது மேல பட்டுருமேன்னு கைய எறக்கிட்டான். எறக்கின கையில பந்தைத் தட்டிப் பறிச்சுட்டுப் போயி அவனுவ போட்டுட்டானுவ."

"கொரங்கு?"

"அது பொறவும் அங்கனதான் இருந்துச்சு."

குற்றாலத்துக் குரங்குகள் கையிலிருக்கும் வடையைப் பிடுங்கும். கோப்பையைப் பிடுங்கிய குரங்கை அப்போதுதான் கேள்விப்பட்டேன். (இதை எழுதி முடித்து வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். குரங்கு பலகை மேல் உட்காரவில்லை, வளையத்தின் மேல்தான் உட்கார்ந்தது என்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் குரல் உயர்கிறது. பலகை என்றே இருக்கட்டும்.)

இப்போது ஊருக்கு ஒரு பெரிய சிக்கல். தோற்றதற்கு யாரையாவது திட்டியாக வேண்டும். செல்லையாவைத் திட்ட முடியாது, சாமிக்குப் பயந்து செய்தது. குரங்கைத் திட்டவே முடியாது. நடுவர் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்தான்.

"எல்லாம் இவ வந்த நேரம், இவ ராசி" என்றார் அத்தை, குழம்பைத் தாளித்துக்கொண்டே.

"போன வருசமும் தோத்தாவளாமே அத்தை. அப்பம் நான் சுரண்டையிலல்லா இருந்தேன்?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "அப்பமே ஒஞ் சாதகம் எங்க வீட்டுக்கு வந்தாச்சுல்லா" என்றார்.

அத்தை கெட்டவர் இல்லை. மகன் சாப்பிடாமல் கிடக்கிறான், காரணம் கிடைக்கவில்லை, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். அது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரியாதது என் வீட்டுக்காரருடைய மௌனம்தான். அத்தை சொன்னபோது இவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரும் அப்படித்தான் நினைக்கிறாரா? அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

சுரண்டைக்கு ஒரு பயணம்

அந்த வருஷம் முழுக்க வீட்டில் என்ன நடந்தாலும் அத்தையின் கண் ஒரு தடவை என் பக்கம் வந்துவிட்டுப் போகும். பால் பொங்கி வழிந்தாலும் சரி, பசு உதைத்தாலும் சரி. சில நேரம் "ராசி" என்று முணுமுணுப்பதும் உண்டு.

மறுபடி ஆனி பிறந்தது. மேற்கே மலை மறைந்து காற்றில் ஈரம் வந்ததும் ஆண்களுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. போன வருஷத்தில் பாடம் படித்திருந்தார்கள். மைதானத்துக்கு வெகுதூரத்தில் நிலக்கடலையைக் கொட்டிக் குரங்குகளை அங்கேயே இருத்தி வைக்கும் பொறுப்பு மாமாவுக்கு. அடுத்து என் முறை வந்தது.

"நீ ஒரு எட்டு ஒங்கம்மையப் பாத்துட்டு வாயேன்" என்றார் அத்தை.

சுரண்டை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட வந்த வீட்டுக்காரர், ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சாரல் நிற்குமா நிற்காதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியபோதுதான் என்னைப் பார்த்தார்.

பண்டிகை இல்லை, விசேஷம் இல்லை, வயிற்றில் பிள்ளையும் இல்லை. தனியாக வந்து இறங்கிய பெண்ணைப் பார்த்து என் அம்மா பதறிவிட்டாள்.

"மாப்பிள்ளை எதும் கோவத்துல அனுப்பிட்டாவளா?"

"இல்லம்மா. பந்தாட்டம் செயிக்கணும்னு அனுப்பிருக்காவ."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அங்கே இருந்த நாட்களில் நான் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெளிவில்லை. அணி ஜெயிக்க வேண்டும், இவர் சாப்பிட வேண்டும் என்று ஒரு சமயம் கும்பிடுவேன். அப்புறம் யோசிப்பேன். நான் இல்லாதபோது ஜெயித்தால் அத்தை சொன்னது நிஜமாகிவிடுமே? அப்படியானால் தோற்கட்டுமா? தோற்றால் இவர் முகத்தைப் பார்க்க முடியாதே? விளக்கு முன்னால் கையைக் குவித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமலே எழுந்து வந்த நாட்களும் உண்டு.

ஆட்டம் முடிந்து சில நாள் கழித்து வந்தார். கையில் ஒரு பை மங்குஸ்தான் பழம். ஜெயித்தால் தின்பதற்கென்று வாங்கியது, யாருக்கும் வாயில் வைக்க மனசு வரவில்லையாம்.

"என்ன மாப்ளை, ஆட்டம் என்னாச்சு?" என்று அப்பா கேட்டார்.

"போச்சு மாமா. சாரல். பந்து கையில நிக்கவே இல்லை."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் இல்லாமலே தோற்றுவிட்டார்கள்! செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்து இவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. அந்தச் சந்தோஷம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எனக்கும் அழுகைதான் வந்தது.

தென்காசிக்குத் திரும்பியதும் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "நான்தான் இங்கன இல்லியே அத்தை?"

"அங்கன இருந்துக்கிட்டு இதையேதான நெனச்சிருப்ப? நெனப்பு போதாதாக்கும்" என்றார்.

மரத்தூள் மூட்டையின் மேல்

மூன்றாவது வருஷம் மாமாதான் வழி சொன்னார்.

"ஏளா, இவ இங்கன இருந்தாலும் தோக்கோம், சுரண்டைக்கு அனுப்பினாலும் தோக்கோம். இந்தத் தடவை அங்கனயே கொண்டு நிறுத்திப் பாப்போம். ஒரேயடியாச் சந்தேகம் தீந்துரும்லா."

அத்தைக்கும் அது சரியாகப் பட்டது. எனக்குத்தான் பயம். வீட்டில் இருக்கும்போது சொல்வது வேறு. கண்ணெதிரே நான் நின்று, அணியும் தோற்றுவிட்டால், அப்புறம் ஊரே சொல்லும். இவரும் சொல்லிவிடுவார்.

குதிரை வண்டியில் மாமாவோடு போய் இறங்கினேன். மைதானத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டம். அருவிக்குப் போகிற வழியில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்ட ஆட்கள் பாதி. வடைச் சட்டி வாசனையும் எண்ணெய் வாசனையும் ஈர மரத்தூள் வாசனையும் கலந்து அடித்தது. ஒரு பலா மரத்தடியில், கூடைக்கு நேர் பக்கவாட்டில், பெண்கள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். எதிரணி தூத்துக்குடி.

ஊதல் சத்தம் கேட்டதும் ஆட்டம் ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பந்து எங்கே போகிறது என்று தேடுவதற்குள் வேறு எங்கோ போய்விடுகிறது. எல்லோரும் கத்துகிறார்கள், எதற்கு என்று பார்ப்பதற்குள் எதிர்ப்பக்கம் கத்துகிறார்கள்.

மைதானத்தின் மறு ஓரத்தில் மிச்சமிருந்த மரத்தூள் மூட்டை மேல் என் வீட்டுக்காரர் ஏறி நின்றார். உயரம் போதாதே, பாவம். செல்லையா குதித்தால் இவரும் குதிப்பார். மூட்டை ஆடும். செல்லையா குனிந்தால் இவரும் குனிவார். மைதீன் அண்ணாச்சி ஒரு கையில் துண்டும் இன்னொரு கையில் இவருடைய வேட்டி நுனியுமாக நின்றார். இவ்வளவு வேகமாகக் கையைக் காலை ஆட்டுகிற மனிதரை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

சாரல் வந்தது, போனது, மறுபடி வந்தது. முடிகிற நேரம் நெருங்கியபோது என் பக்கத்திலிருந்த அம்மாள் "ஒத்தப் பாயிண்டுதான் கம்மி, ஒத்தப் பாயிண்டுதான்" என்று என் கையைப் பிடித்து நசுக்கினாள். பிறகு திமுதிமுவென்று ஓடுகிற சத்தம். யாரோ தொப்பென்று சேற்றில் விழுகிற சத்தம். "ஃபவுல்! ஃபவுல்!" என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் அலறினார்கள்.

நீளமாக ஒரு ஊதல். ஆட்டம் முடிந்துவிட்டது.

செல்லையா சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அசையவில்லை.

என் வீட்டுக்காரர் மூட்டையிலிருந்து இறங்கினார். கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தார். என்னைத்தான் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுரண்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். புருவத்திலெல்லாம் மரத்தூள். கண் சிவந்திருந்தது.

"நீ பாத்தியா?" என்றார்.

நான் பலா மரத்தோடு ஒட்டிக்கொண்டேன்.

"செல்லையா கையில அடிச்சானா இல்லியா? நீ நின்ன எடத்துலேருந்து நல்லாத் தெரியும்லா. ஃபவுல்தானே? சொல்லு கோமதி."

மூன்று சீசனில் ஆட்டத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். என் பெயரைச் சொல்லிக் கேட்டார். மைதீன் அண்ணாச்சியும் பின்னாலேயே வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எங்க பந்தைப் பாத்தேன்? நீங்க மூட்டை மேல நின்னு குதிச்சதைத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஆட்டம் முழுக்கவா?"

"முழுக்கத்தான். எப்பம் விழுவியளோன்னு எனக்கு உசுரே இல்லை."

அவர் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு ஆள் பந்தாட்ட மைதானத்துக்கு வந்து பந்தைப் பார்க்காமல் இருக்க முடியும் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவர் அப்படித் திகைத்து நின்றபோது எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"இப்பம் வீட்டுக்குப் போனா அத்தை கேப்பாவ. என்ன சொல்லட்டும்?"

"என்ன கேப்பா?"

"என்னாலதான் தோத்துதுன்னு."

"ஒன்னாலயா?" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே விழித்தார். "ஏட்டி, நீ என்ன ரெஃபரியா?"

மைதீன் அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத்தை ரெண்டு வருசமா ராசி ராசின்னு சொன்னப்பல்லாம் ஒரு வார்த்தை சொல்லாம இருந்தியளே?"

"அம்மை அப்படியா சொல்லிட்டு இருந்தா?" என்றார் அவர். "நான் அந்தக் கொரங்கையில்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்; இந்த மனிதர் காதில் அது விழவே இல்லை. கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. சாரலில் நனைந்துகொண்டு நின்றேன்.

"வா" என்றார். "எல்லாரும் முழுகப் போறாவ. நீயும் வா."

நனைந்த சேலை

அருவியில் பெண்கள் பக்கம் போய்க் கட்டின சேலையோடு நின்றேன். தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் காது அடைத்துக்கொண்டது. பக்கத்தில் குளித்தவர்கள் குதூகலத்தில் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் எதற்காகக் குளிக்கிறேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தலை துவட்டாமல் வெளியே வந்தேன். மாமா குதிரை வண்டியைக் காட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இவருக்குப் பின்னால் நடந்தேன். இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வழி முழுக்க யாரும் பேசவில்லை. வரிசையில் கடைசியாக நான். வயல் காற்றில் பல் கிடுகிடுத்தது. இலஞ்சிப் பக்கம் எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, இழவுக் கூட்டம் என்று நினைத்துத் தோள்துண்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

தெருவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பிச்சம்மாள் ஆச்சி வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்ததும் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. அவிழ்க்கவில்லை. "அண்ணாச்சி பின்னால வாராவளா?" என்று முதலில் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலைக் கடையில் நின்றுவிட்ட மாமாவின் வண்டி வந்ததும்தான் உள்ளே போனார்.

எங்கள் வாசலில் அத்தை நின்றிருந்தார். மகனைப் பார்த்தார். அவர் பின்னால் தலை முதல் கால் வரை நனைந்து நின்ற என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தோத்துட்டியளா?" என்றார்.

"தோத்துட்டோம் அத்தை" என்று சொன்னேன். அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ராசிக்காக அழுதேனா, இவருக்காக அழுதேனா, சேற்றில் கிடந்த அந்த நெட்டையனுக்காக அழுதேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அத்தை உள்ளே போனார். மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டைக் கொண்டுவந்து என் தலையில் போட்டார். போட்டுவிட்டுப் போகவில்லை. குனிந்து அவரே துவட்ட ஆரம்பித்தார். தோற்ற அன்றைக்கு வீட்டு வாசலில்தான் தலையைத் துவட்டலாம்.

"போதும்டி, அழாத. சளி பிடிச்சுக்கிடும்" என்றார். கொஞ்ச நேரம் துவட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்படிட்டி போச்சு? இந்தத் தடவையும் செல்லையாப் பய கையில அடிச்சிட்டானுவளா?"

நான் துண்டை விலக்கி அத்தையை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆமா அத்தை" என்றேன். "சத்தியமா ஃபவுல்தான்."